'செண்பகம்' என்ற பெயர் எங்களுக்குக் கிடைக்குமா?

கேள்வி: நாங்கள் தோட்டத்திலிருந்து வெளியேறி, சுங்கை சிப்புட்டில் தாமான் வீட்டுக்குக் குடிவந்தவர்கள். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் என் மாமியார் சுட்ட முறுக்கைத் தின்றவர்கள் இன்றும் கேட்டு வருவதால், அவர் பெயரிலேயே 'செண்பகம் பலகாரம்' என்று பொட்டலம் கட்டி மளிகைக் கடைகளுக்குப் போட எண்ணியுள்ளேன். எஸ்எஸ்எம் இணையத்தளத்தில் என் மகன் தேடியபோது அந்தப் பெயர் தென்படவில்லை. ஆனால் கிள்ளானில் ஒருவர் இதே பெயரில் இனிப்பு விற்பதாக நாத்தனார் சொல்கிறார். தீபாவளிக்கு முன் லேபிள் அச்சடிக்கலாமா?
- வாசகி, சுங்கை சிப்புட், பேராக்

பதில்: லேபிளை இப்போது அச்சுக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் மகன் பார்த்தது பல கதவுகளில் ஒன்றை மட்டுமே.

எஸ்எஸ்எம் என்று நாம் சுருக்கிச் சொல்லும் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில், 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டத்தின்படி பதியும் தனியாள் மற்றும் பங்காளி வணிகங்கள் ஒருபுறமும், 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின்படி அமையும் செண்டிரியான் பெர்ஹாட் எனப்படும் தனியார் நிறுவனங்கள் இன்னொரு புறமுமாக இருக்கின்றன. ஆகவே இரண்டிலும் தேட வேண்டும்.

தேடும்போது நம்மவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது எழுத்துக்கூட்டலைத்தான். தமிழில் 'செண்பகம்' ஒன்றுதான். ரூமியில், அதாவது ஆங்கில எழுத்துகளில், எழுதும்போது அது எஸ் எழுத்தில் தொடங்கலாம், எஸ்ஸுடன் எச் சேரலாம், சி-எச் என்றும் தொடங்கலாம். நடுவில் வருவது என் எழுத்தாகவோ எம் எழுத்தாகவோ இருக்கலாம். அதன்பின் பி வரலாம், பி-எச்சும் வரலாம். 'க' ஒலிக்கு ஒருவர் ஜி போடுவார், இன்னொருவர் கே போடுவார். உங்கள் மகன் ஒரே ஒரு கூட்டலைத் தட்டிப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லியிருந்தால், அந்த 'இல்லை'யை நம்ப முடியாது. போதாக்குறைக்கு, செண்பகத்துக்கு மலாயில் 'செம்பாக்கா' என்று பெயர். அது இந்நாட்டில் தெருவுக்கும் தாமானுக்கும் கடைக்கும் பரவலாக வைக்கப்படும் பெயர். வணிகச் சின்னங்களை, அதாவது டிரேட்மார்க்குகளை, ஒப்பிடும்போது எழுத்து, ஒலி ஆகியவற்றோடு பொருளும் பார்க்கப்படுவதால், அந்த மலாய்ச் சொல்லையும் சேர்த்தே தேடுங்கள்.

அடுத்தது வணிகச் சின்னப் பதிவேடு. இதை வைத்திருப்பது எஸ்எஸ்எம் அன்று. மைஐபிஓ எனப்படும் அறிவுசார் சொத்துடைமைக் கழகம். 2019ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டம் அவ்வாண்டு டிசம்பர் 27ஆம் தேதி நடப்புக்கு வந்தது. பதிவான சின்னம் 10 ஆண்டுகளுக்குச் செல்லும்; பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். அக்கழகத்தின் இணையத்தளத்தில் கட்டணமின்றித் தேடலாம். ஆனால் பொருள்களும் சேவைகளும் 45 வகைகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதை மனத்தில் வைத்துத் தேட வேண்டும். அரிசி மாவு முறுக்கு 30ஆம் வகையில் வரும். பொட்டலத்தில் வறுத்த கடலையும் விற்பதானால் 29ஆம் வகையையும் பாருங்கள். பிற்காலத்தில் சிற்றுண்டிக் கடை வைக்கும் எண்ணமிருந்தால் 43ஆம் வகையும் உண்டு. எஸ்எஸ்எம் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டதாலேயே பெயர் நமக்குச் சொந்தமாகிவிட்டது என்று எண்ணுவோர் பலர். அப்படியன்று. அந்தச் சான்றிதழ் வணிகம் பதிவாகியிருப்பதைக் காட்டுமே தவிர, அதே பெயரைச் சின்னமாகப் பதிந்துவைத்திருப்பவர் உங்கள்மீது வழக்குத் தொடுப்பதைத் தடுக்காது.

நாத்தனார் சொன்ன கிள்ளான் செய்திதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாமலே இருக்கலாம். ஆயினும், பல ஆண்டுகளாக விற்று அந்தப் பெயருக்கு நற்பெயர் சேர்த்திருந்தால், உங்கள் பொருளை அவருடையது என்று மக்கள் தவறாக நினைத்து வாங்கும் நிலை ஏற்படும்போது அவர் நீதிமன்றம் செல்ல வழியுண்டு. இனிப்பும் முறுக்கும் ஒரே தட்டில் வைக்கப்படும் பண்டங்கள் என்பதால், 'அவர் வேறு, நான் வேறு' என்ற வாதம் இங்கே எளிதில் எடுபடாது. தம் சொந்தப் பெயரை நேர்மையாகப் பயன்படுத்துவோருக்குச் சட்டம் ஓரளவு இடம் தருகிறது என்றாலும், மாமியாரின் பெயரைச் சூட்டும் நீங்கள் அதை நம்பி இறங்குவதை நான் விரும்பமாட்டேன். நாத்தனாரிடம் சொல்லி அந்த இனிப்பில் ஒரு பொட்டலம் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். வட்டத்துக்குள் ஆர் என்ற எழுத்து இருக்கிறதா, பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, தயாரிப்பவர் யார் என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். அவற்றைக் கொண்டு மீண்டும் தேடினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பதிவாகாத சின்னத்துக்கு அந்த வட்ட ஆர் குறியைப் போடுவது குற்றம் என்பதால், அழகுக்காகக்கூட உங்கள் லேபிளில் அதைச் சேர்த்துவிடாதீர்கள்.

பெயர் தடையின்றி இருந்தால், வணிகப் பெயரில் பதிய ஆண்டுக்கு 60 ரிங்கிட். அடையாள அட்டையிலுள்ள உங்கள் சொந்தப் பெயரிலேயே பதிந்தால் 30 ரிங்கிட். செண்டிரியான் பெர்ஹாட்டாகத் தொடங்க விரும்பினால், 50 ரிங்கிட் கட்டிப் பெயரை 30 நாள்களுக்கு ஒதுக்கி வைக்கலாம். இப்போதைக்கு உங்களுக்கு அது தேவைப்படாது. கடைப் பலகை மாட்டுவதாக இருந்தால், அதற்கு ஊராட்சி மன்றத்தின் அனுமதி தனியாக வேண்டும். அதில் மலாய் மொழிக்கு முதலிடம் தர வேண்டும்.

ஏற்கெனவே விற்கத் தொடங்கிவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. தொடங்கியிருந்தால், தொடங்கிய நாளிலிருந்து 30 நாள்களுக்குள் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் வணிகம் செய்தால் 50,000 ரிங்கிட் வரை அபராதமோ, இரண்டு ஆண்டுகள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுள்ளது. அப்படியானால் பெயர்த் தேடல் முடியும்வரை காத்திராமல், முதலில் உங்கள் சொந்தப் பெயரில் பதிந்துவிடுங்கள்.