கணக்குக் கேள்வி: எக்ஸையும் ஒய்யையும் ஏன் இடம் மாற்றுகிறோம்?

கேள்வி: என் மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். நேர்மாறு சார்பு காண, "எக்ஸையும் ஒய்யையும் இடம் மாற்று, பிறகு ஒய்யைத் தனியாக்கு" என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். விடை சரியாக வருகிறது. ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டால் அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

பதில்: சார்பு என்பது உள்ளே ஒரு எண்ணைப் போட்டால் வெளியே ஒரு எண்ணைத் தரும் விதி. அதைத் திருப்பிச் செய்து பழைய எண்ணையே மீட்டுத் தருவது நேர்மாறு. எழுத்துகளை மாற்றாமலேயே நேர்மாறு காணலாம். செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக்கும் சூத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செல்சியஸ் அளவை 9/5 ஆல் பெருக்கி 32 கூட்ட வேண்டும். 100 டிகிரி கொடுத்தால் முதலில் 180, பிறகு 212. இப்போது 212ஐ வைத்துக்கொண்டு திரும்பி வர வேண்டும். கடைசியாகச் செய்ததைத்தான் முதலில் கழற்ற வேண்டும். 32ஐக் கழித்தால் 180, அதை 5/9 ஆல் பெருக்கினால் 100. அவசரத்தில் முதலில் 5/9 ஆல் பெருக்கி, அப்புறம் 32 கழிப்பவர்களுக்குத் தண்ணீர் சுமார் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும்! விடைத்தாள் திருத்திய காலத்தில் நான் அதிகம் பார்த்த தவறு இதுதான்.

இதில் எந்த எழுத்தையும் நாம் இடம் மாற்றவில்லை. மாற்றினால் ஃபாரன்ஹீட்டைச் செல்சியஸ் என்று அழைத்த குழப்பம்தான் மிஞ்சும்.

சரி, புத்தகத்தில் மட்டும் ஏன் மாற்றுகிறார்கள்? உள்ளே போவதற்கு எக்ஸ், வெளியே வருவதற்கு ஒய் என்பது பழக்கம். ஒய் = 3எக்ஸ் + 5 என்றால், எக்ஸ் = (ஒய் − 5)/3. வேலை இங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் இந்தப் புதிய சார்புக்குள் போவது ஒய். பழக்கத்தை விட மனமில்லாமல் அதற்கும் எக்ஸ் என்றே பெயர் வைக்கிறோம். வெறும் பெயர் மாற்றம்தான். அதனால்தான் சார்பு, நேர்மாறு இரண்டின் வரைபடங்களும் ஒய் = எக்ஸ் என்ற கோட்டில் கண்ணாடி பார்ப்பதுபோல் நிற்கின்றன.

நானும் மாணவனாக இருந்தபோது இதை மந்திரமாகத்தான் மனப்பாடம் செய்தேன். ஒரு தேர்வில் தொடக்கத்தில் ஒரு தடவை மாற்றி, ஒய்யைத் தனியாக்கிவிட்டு, சந்தேகத்துக்கு முடிவில் இன்னொரு தடவை மாற்றினேன். பழைய சமன்பாடே வேறு வேடத்தில் வந்து நின்றது. மதிப்பெண் பூஜ்யம்.

கேள்வி: எஃப் என்ற சார்பின் தலையில் −1 போட்டால் 1/எஃப் என்றுதானே பொருள்?

பதில்: இல்லை. சைன் 30 டிகிரி என்பது 1/2. அதன் தலைகீழி, அதாவது 1ஐ அதனால் வகுத்தால் வருவது, 2. நேர்மாறு சைனிடம் 1/2ஐக் கொடுத்தால் 30 டிகிரியைத் திருப்பித் தரும். இந்தக் குறியீட்டை 1813இல் எழுதியவர் ஆங்கிலேய அறிஞர் ஜான் ஹெர்ஷல். ஒரு சார்பை இரண்டு தடவை செலுத்தினால் தலையில் 2 போடலாம், செய்ததை ஒரு தடவை கழற்றினால் −1 போடலாம் என்பது அவர் கணக்கு. நியாயமான கணக்கு. ஆனால் சைனின் தலையில் 2 போட்டால் அதை வர்க்கம் என்று நாம் படிக்கிறோமே, அங்கேதான் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். பழி குறியீட்டின் மேல், உங்கள் மேல் இல்லை.

கேள்வி: எக்ஸ் வர்க்கம் − 6எக்ஸ் + 10 என்ற சார்பின் நேர்மாறு காண முயன்றேன். இரண்டு விடை வருகிறது. எது சரி?

பதில்: எக்ஸுக்கு 2 போடுங்கள்: 4 − 12 + 10 = 2. இப்போது 4 போடுங்கள்: 16 − 24 + 10, மறுபடியும் 2. இரண்டு வாசல் வழியாக வந்தவர்கள் ஒரே இடத்தில் நின்றால், யார் எந்த வாசல் வழியாக வந்தார் என்று எப்படிச் சொல்வது? ஒன்றுக்கொன்றான சார்பாக இல்லாததால் இதற்கு நேர்மாறே கிடையாது. வினாவில் "எக்ஸ் 3 அல்லது அதற்கு மேல்" என்று ஓரமாக எழுதியிருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் இருக்கும், யாரும் படிப்பதில்லை. இருந்தால், சார்பை (எக்ஸ் − 3)இன் வர்க்கம் + 1 என்று எழுதிக்கொள்ளுங்கள். 1ஐக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, 3 கூட்டுங்கள். கழித்தல் குறி வருகிற விடை 3க்குக் கீழே இறங்கிவிடும், அதை விட்டுவிடலாம். 2ஐப் போட்டுப் பாருங்கள், 4 திரும்பி வரும்.