கழனியில் செத்த தவளை, கறுத்த ஈரல்: தண்ணீர்தான் காரணமா?

கேள்வி: ஐயா, ராணிப்பேட்டைப் பக்கம் ஏரிப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நவரை நெல் நட்டிருக்கிறோம். ஏரிக்கு வரும் கால்வாயில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலக்கிறது என்று ஊரில் பேச்சு. நட்ட மூன்றாம் நாள் பூட்டாகுளோர் களைக்கொல்லி போட்டோம். ஐந்தாம் நாள் கடைமடையில் ஏழெட்டுத் தவளை செத்துக் கிடந்தன. மகன் ஒன்றை அறுத்துப் பார்த்தான். ஈரலில் மிளகு தூவியதுபோல் கறுப்புப் புள்ளி. தண்ணீர்தான் காரணமா? மாட்டுக்கு இதைக் காட்டலாமா?

பதில்: அம்மா, மாட்டுக்கு இப்போதைக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம். சோதனை முடிவு வரும்வரை வீட்டுக் குழாய்த் தண்ணீரையே காட்டுங்கள். செத்த தவளைகளைக் கோழி கொத்தாமல், நாய் இழுக்காமல் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். வெறுங்கையால் எடுக்க வேண்டாம்.

ஈரல் விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டு ஈரலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தவளை ஈரல் நோய் வந்ததுபோலத்தான் தெரியும். நல்ல தவளையின் ஈரலிலும் கறுப்பு நிறமி உள்ள செல்கள் கொத்துக் கொத்தாக உண்டு. பழுதான செல்களை விழுங்கித் துப்புரவு செய்வது அவற்றின் வேலை. வயதானாலும், பட்டினி கிடந்தாலும் அவை பெருகும். மாசுபட்ட நீரில் வாழும் தவளைகளிலும் பெருகுவதைக் கண்டிருக்கிறார்கள். செத்து வெயிலில் கிடந்தாலோ ஈரல் மொத்தமாகவே நிறம் மாறிவிடும். அதனால் கறுப்புப் புள்ளியை மட்டும் வைத்துத் தண்ணீர்மேல் பழி போட முடியாது. ஈரல் வெளிறி மஞ்சளாகி, வீங்கி, தொட்டால் பிய்ந்துவருவது அதைவிடக் கவலையான அறிகுறி. அதையும் நுண்ணோக்கியில் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

ஆனால் உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோலாலும் தொடைத் தோலாலும் உறிஞ்சிக்கொள்கிறது. மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியாகத்தான். தண்ணீரில் கரைந்த மருந்தும் உலோகமும் அதே வழியில் உள்ளே போகின்றன, அவற்றை முறிக்கும் சுமை ஈரல்மேல் விழுகிறது. கோடையில் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் தவளை, ஈரலிலும் வயிற்றுக்குள் மஞ்சள் விரல்களாகத் தொங்கும் கொழுப்பிலும் சேர்த்து வைத்ததைத் தின்றுதான் உயிர் பிழைக்கிறது. ஈரல் கெட்டால் அந்தச் சேமிப்பும் குறைகிறது. முதல் மழைக்குக் கத்தும் தவளைச் சத்தம் உங்கள் ஊரில் வருஷா வருஷம் குறைந்துவருகிறதா என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இந்த ஈரல் சேதம் பெரும்பாலும் மெதுவாக நடப்பது. இரண்டே நாளில் ஏழெட்டு, அதுவும் கடைமடையில் செத்தன என்றால் என் சந்தேகம் முதலில் களைக்கொல்லிமேல்தான் போகிறது. பூட்டாகுளோரை மணலில் கலந்து, வயலில் மெல்லிய அளவு தண்ணீர் நிற்கும்போது தூவி, இரண்டு நாள் தண்ணீரை வடிக்காமலும் புதிதாகப் பாய்ச்சாமலும் வைத்திருக்க வேண்டும். மடை அடைபட்டிருந்ததா? கலந்த வாளியை வாய்க்காலில் கழுவினீர்களா? யோசித்துப் பாருங்கள்.

நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. காலையில் ஏரி மதகருகே, வாய்க்கால் நடுவில், கடைமடையில் என்று மூன்று இடத்திலும் தலைப்பிரட்டைகளைப் பாருங்கள். பெரிய தவளை தாவித் தப்பும். தலைப்பிரட்டைக்கு அந்த வழி இல்லை. மதகருகே துள்ளித் திரிந்து, கடைமடையில் மட்டும் இல்லையென்றால் கோளாறு வயலுக்குள் இருக்கலாம். மதகருகிலேயே ஒன்றும் இல்லையென்றால் ஏரித் தண்ணீரையும் சந்தேகிக்கலாம்.

எப்படியானாலும் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள். பாலாற்றுப் பகுதியின் தோல் கழிவு பற்றி உச்ச நீதிமன்றமே 1996-ல் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. ஊர்ப் பேச்சு என்று தள்ள முடியாது. சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு முறை அலசி, ஒரு லிட்டர் பிடித்து, இடமும் தேதியும் எழுதி ஒட்டி, வேளாண்மைத் துறையின் மண், நீர்ப் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசைமனுக்கு மேல் போனால் நெல்லுக்கு ஆகாது. தோல் கழிவில் வரும் உலோகமான குரோமியம் வழக்கமான சோதனையில் வராது. எங்கே பார்ப்பார்கள் என்று அங்கேயே கேளுங்கள். பாசன நீரில் அது லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்தத் தாளோடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஊராகச் சேர்ந்து மனு கொடுங்கள்.

சோதனைத் தாள் கைக்கு வந்ததும் அதில் உள்ள எண்களையும் தலைப்பிரட்டை பார்த்த விவரத்தையும் எழுதி அனுப்புங்கள் அம்மா. மேலுரம் எப்படிப் போடுவது என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.