மழைக்கு ஒரு படம், வெயிலுக்கு ஒரு படம்

வீட்டுத் திரை: வாசகர் கேள்வி பதில்

(மதுரை சிம்மக்கல்லில் வீடியோ கேசட் வாடகைக் கடை நடத்தி, பிறகு கேபிள் தொழிலையும் பார்த்த அம்மா ஒருவர், வீட்டில் படமும் தொடரும் பார்ப்பது பற்றிய கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

கேள்வி: வெயில் காலம் முழுக்க ஒழுங்காகத் தெரியும் டி.வி., ஐப்பசி பிறந்ததும் மக்கர் செய்கிறது. தொடரில் முக்கியமான கட்டம் வரும்போதுதான் மழை பிடிக்கிறது, படம் கட்டம் கட்டமாக உடைந்து மறைந்துவிடுகிறது. டிஷ்ஷை மாற்ற வேண்டுமா? (உசிலம்பட்டி வாசகி)

மாற்ற வேண்டாம். உங்கள் டிஷ்ஷுக்கு வரும் அலை, பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. வீட்டு டிஷ்ஷுக்குப் பயன்படும் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான். அவ்வளவு சிறிய அலையைப் பெரிய மழைத்துளி உறிஞ்சிவிடும், சிதறவும் அடித்துவிடும். தூறலுக்கு ஒன்றும் ஆகாது. கொட்டும் மழைக்கு மட்டும்தான் படம் போகும். மழை சற்றுத் தணிந்ததும் தானாகத் திரும்பி வரும்.

ஆனால் சிறிய மழைக்கே படம் போகிறது என்றால், குற்றவாளி ஐப்பசி அல்ல, ஆடி! உசிலம்பட்டிப் பக்கம் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காற்றில் டிஷ் ஒரு மயிரிழை திரும்பியிருக்கும். வானம் தெளிவாக இருக்கும் நாட்களில் அது தெரியாது, வரும் சிக்னல் போதும். மழை வந்து சிக்னலைக் குறைக்கும்போதுதான் அந்த மயிரிழையின் அருமை தெரியும். அதனால் புரட்டாசியிலேயே ஆளை வரவழைத்து டிஷ்ஷைச் சரியாகத் திருப்பி, நட்டுகளை இறுக்கிக்கொள்ளுங்கள். செட்டாப் பாக்ஸின் மெனுவில் சிக்னல் அளவு காட்டும் பக்கம் ஒன்று இருக்கும். வெயில் நாளில் அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். பின்னால் குறைந்தால் உடனே தெரியும். கேபிள் நுனியில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா, பக்கத்து முருங்கை வளர்ந்து மறைக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

இடி மின்னல் நேரத்தில் பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது. டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளையும் பாக்ஸிலிருந்து கழற்றிவிட வேண்டும். மின்சாரம் அந்த வழியாகவும் வரும். மழையில் மொட்டைமாடிக்கு யாரையும் ஏற்றாதீர்கள். தொடரின் ஒரு நாள் கதை உயிருக்கு ஈடாகாது.

கேள்வி: மே மாதம் பேரன் பேத்திகள் எல்லாரும் வந்துவிடுவார்கள். வெளியே அனுப்ப முடியாத வெயில். நாள் முழுக்கப் படம் கேட்கிறார்கள். கரண்ட் பில்லை நினைத்தால் பயமாக இருக்கிறது. (திருமங்கலம் வாசகி)

பில்லுக்குப் பயப்படாதீர்கள். 43 அங்குல எல்.இ.டி. டி.வி. ஏறக்குறைய 80 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஐந்து மணி நேரம் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 24 யூனிட்தான். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கிறது. நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு: டி.வி.யை அணைத்துவிட்டுச் செட்டாப் பாக்ஸை அப்படியே விட்டுவிடுகிறோம். அது 10 வாட் இழுத்தாலும் இரவு பகலாக ஓடி, இரண்டு மாதத்தில் 14 யூனிட்டைத் தின்றுவிடும். படுக்கப் போகும்போது சுவர் சுவிட்சையே அணைக்கப் பேத்தியிடம் பொறுப்புக் கொடுங்கள்.

இனி, படம். அக்னி நட்சத்திரத்தில் உச்சி வெயிலில் முழுப் படத்தையும் போடாதீர்கள். தளத்தின் சூடு இறங்கும் நேரம் அது, குழந்தைகள் பாதியில் எரிச்சலாகிச் சண்டை பிடிப்பார்கள். நம் படங்களில் இடைவேளை என்று ஒன்றை நமக்காகவே வைத்திருக்கிறார்கள். அதைப் பயன்படுத்துங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேற்கு ஜன்னலை மூடி, திரையில் வெளிச்சம் விழாமல் பார்த்துக்கொண்டு இடைவேளை வரை. பிறகு டி.வி. கிடையாது. நுங்கை விரலால் நோண்டித் தின்றுகொண்டே அடுத்து என்ன நடக்கும் என்று அவர்களே பேசட்டும். மீதியை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஜன்னலைத் திறந்துவைத்துப் பாருங்கள். மதியம் விட்ட இடத்தைப் பெரியவன் சின்னவனுக்குச் சொல்லும் அந்தக் கதைச் சுருக்கத்தைக் கட்டாயம் கேளுங்கள். பிள்ளைகளுக்குக் கதை சொல்ல வருவது இப்படித்தான்.

ஒரு இரவு மட்டும் விடிய விடியப் பார்க்க அனுமதி கொடுங்கள். வைகாசி முகூர்த்தங்களில் கல்யாண வீட்டுக்காரர்கள் எங்கள் கடையில் டெக்கும் (கேசட்டை ஓட்டும் பெட்டி) கலர் டி.வி.யும் வாடகைக்குக் கேட்டு நிற்பார்கள். மூன்று கேசட் அடுக்கிக் கொடுப்போம். முதலில் பெரியவர்கள் விழித்திருக்கும்போதே சாமி படம், நடுவில் புதுப்படம், கடைசியில் சிரிப்புப் படம். விடிகாலை மூன்று மணிக்குக் கண் சொருகும்போது சிரிப்பு ஒன்றுதான் ஆளை எழுப்பி உட்காரவைக்கும். அதே வரிசையை உங்கள் வீட்டிலும் வைத்துப் பாருங்கள்.

சித்ரா பௌர்ணமிக்குள் பிள்ளைகள் வந்துவிட்டால், விடிகாலையில் எழுப்பி, அழகர் வைகையில் இறங்குவதை நேரலையில் காட்டுங்கள். என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்று முந்தின இரவே பந்தயம் கட்டச் சொல்லுங்கள். பச்சைப் பட்டு என்றால் அந்த வருடம் செழிப்பு என்பது நம் ஊர் நம்பிக்கை. ஆற்றங்கரைக் கூட்டத்தில் தலைகளைத்தான் பார்க்க முடியும். படிக்கட்டு ஏற முடியாத கிழவிக்கும் தோளில் தூக்க ஆள் இல்லாத குழந்தைக்கும் அந்தக் குதிரை வாகனத்தை முகத்துக்கு நேரே காட்டுவது டி.வி.தான். இந்தப் பெட்டி வீட்டில் இருப்பதற்கு அது ஒன்றே போதும் என்பேன்.

கேள்வி: என் அப்பாவுக்கு 74 வயது. டி.வி. சத்தத்தைத் தெருமுனை வரை கேட்கும்படி வைக்கிறார். வீட்டில் தினமும் சண்டை. (மேலூர் வாசகர்)

தம்பி, பாதித் தவறு டி.வி.யுடையது. தட்டையாகச் செய்வதற்காக ஸ்பீக்கரை அடியிலோ பின்னாலோ வைத்துவிட்டார்கள். சத்தம் தரைக்கும் சுவருக்கும் போகிறது, அப்பாவின் காதுக்குப் போகவில்லை. பின்னணி இசை முழங்குகிறது, வசனம் அமுங்கிவிடுகிறது. ஒலி அமைப்பில் பேச்சைத் தெளிவாக்கும் தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் சிறிய ஸ்பீக்கர் ஒன்று வையுங்கள். அதற்கு முன்னால், அரசு ராஜாஜி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு ஒருமுறை அழைத்துப் போய் வாருங்கள். சில நேரம் காதில் சேர்ந்த அழுக்கு மட்டுமே காரணமாக இருக்கும். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அவர் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்காதீர்கள். அது அவருக்கு வலிக்கும்.

கேள்வி: வீட்டில் உட்கார்ந்து பூக் கட்டிக் கொடுக்கிறேன். கை பூவில் இருக்கும், காது தொடரில் இருக்கும். கல்லூரியில் படிக்கும் என் மகன், "இதைப் பார்த்தால் மூளை மழுங்கிவிடும்" என்கிறான். அவன் மட்டும் இரவெல்லாம் போனில் கொரியத் தொடர் பார்க்கிறான். (நிலக்கோட்டை வாசகி)

தாயி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். "காது தொடரில் இருக்கும்" என்று நீங்கள் எழுதியதில்தான் எல்லாம் இருக்கிறது.

நம் தொடர்கள் காதுக்காகச் செய்யப்பட்டவை. கதாபாத்திரம் உள்ளே வரும்போது யாராவது பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நேற்று நடந்ததை இன்று ஒருத்தி இன்னொருத்தியிடம் திரும்பச் சொல்வாள். அதிர்ச்சியான சேதிக்கு ஒவ்வொருவர் முகமாகக் காட்டி இசையை நீட்டுவார்கள். சும்மா உட்கார்ந்து பார்ப்பவருக்கு அது இழுவை. அடுப்படியில் தாளித்துக்கொண்டிருப்பவருக்கும், மடியில் மொட்டைப் பரப்பி, நாரை விரலில் சுற்றி, இரண்டு மொட்டு அந்தப் பக்கம், இரண்டு மொட்டு இந்தப் பக்கம் என்று வைத்து முடிச்சை இறுக்கிக்கொண்டிருப்பவருக்கும் அது வசதி. முடிச்சு இறுகும் நேரத்தில் கண்ணை எடுக்க முடியாது. நிமிரும்போது கதை உங்களுக்காக அங்கேயே நிற்கிறது. வேலை செய்யும் பெண்களின் மாலை நேரத்தை அறிந்து கட்டிய கலை இது. அதை மூளை மழுங்கும் விஷயம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மகன் பார்க்கும் கொரியத் தொடர் வேறு கணக்கு. பெரும்பாலும் 16 பகுதிகளில் கதை முடிந்துவிடும். தொடக்கத்திலேயே முடிவை நினைத்து எழுதியிருப்பார்கள், அது அதன் பலம். ஆனால் அடியில் ஓடும் எழுத்தைப் படிக்கக் கண் திரையிலேயே இருக்க வேண்டும். பூக் கட்டும் கைக்கு அது ஒத்துவராது. தமிழ்க் குரலில் கிடைப்பதைத் தேடச் சொல்லுங்கள்.

மார்கழியில் பனி விழுந்து மல்லிகை வரத்து குறையும், விலை ஏறும், உங்களுக்குக் கட்டும் வேலையும் குறையும். அந்த நாட்களில் அவன் தொடரை அந்தச் சின்னப் போனில் பார்க்காமல் டி.வி.யில் போடச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பங்குனி, சித்திரையில் பூ குவியும்போது அவன் உங்கள் தொடரைப் பார்க்கட்டும். அப்படியே நாலு முழம் கட்டவும் கற்றுக்கொள்ளட்டும்.

ஒன்று மட்டும் சொல்வேன். ஒரு பெண்ணை வாரக்கணக்கில் அடிவாங்கவும் அழவும் வைத்து அதையே கதை என்று ஓட்டும் தொடரை நான் நிறுத்திவிடுவேன். பழகிவிட்டது என்பதற்காக அதைச் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. எண்பதுகளில், நம் பக்கம் உயரமான ஆன்டெனா கட்டி, 1982-ல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியைப் பிடித்துப் பார்த்த காலம் உண்டு. கிடைத்ததைப் பார்த்தோம். இன்று உங்களுக்குத் தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறது.

கேள்வி: புதிதாகப் பெரிய டி.வி. வாங்கினோம். பழைய படங்கள் எல்லாம் சீரியல் மாதிரி வழவழவென்று தெரிகின்றன. கறுப்பு வெள்ளைப் படத்தில் எல்லாரும் குண்டாக இருக்கிறார்கள். (அனுப்பானடி வாசகர்)

சினிமா வினாடிக்கு 24 படங்களால் ஆனது. புது டி.வி.கள் நடுவில் இல்லாத படங்களைத் தாமாகவே உருவாக்கிச் செருகி, அசைவை வழவழப்பாக்குகின்றன. கிரிக்கெட்டுக்கு அது சரி, சினிமாவுக்குக் கேடு. பட அமைப்பில் 'மோஷன்' என்று வரும் தேர்வை அணைத்துவிடுங்கள். குண்டாகத் தெரிவதற்குக் காரணம், ஏறக்குறைய சதுரமாக எடுத்த படத்தை அகலத் திரைக்கு இழுத்திருக்கிறார்கள். தமிழில் அகலத் திரைக்கென எடுத்த முதல் சினிமாஸ்கோப் படமே 1973-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய படங்களுக்கு இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால்தான் சரியான அளவு. காசு கொடுத்த திரை வீணாகிறது என்று நினைக்காதீர்கள், முகங்கள் முகங்களாகத் தெரியட்டும்.

கேள்வி: பொங்கலுக்கு மூன்று நாளும் ஆண்கள் ஜல்லிக்கட்டு, பெண்கள் புதுப்படம். ஒரே டி.வி. (வாடிப்பட்டி வாசகி)

அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர் என்று மூன்று நாளும் நேரலைதான். காலையில் கோயில் காளையை அவிழ்ப்பதையும் முதல் சுற்றுகளையும் எல்லாரும் பாருங்கள். மதியம் படத்துக்கு. பரிசு முடிவாகும் கடைசிச் சுற்றுக்கு மறுபடி ஜல்லிக்கட்டு. நடுவில் ஆண்கள் பாத்திரம் கழுவலாம்.

கேள்வி: எங்கள் கல்யாணக் கேசட் பீரோவில் இருந்தது. மழைக்காலத்துக்குப் பிறகு எடுத்துப் பார்த்தால், உள்ளே நாடாவின் ஓரத்தில் வெள்ளையாக மாவு போல ஏதோ படிந்திருக்கிறது. துடைத்துவிட்டுப் போட்டுப் பார்க்கலாமா? என் மாமியார் அதில் மட்டும்தான் இருக்கிறார். (செல்லூர் வாசகி)

போடவே போடாதீர்கள்! அது பூஞ்சை. ஓடவிட்டால் டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்து போடும் கேசட்டுக்கும் பரவும், நாடாவே அறுந்தும் போகலாம். கார்த்திகை மாதம் கடையில் நான் செய்த முதல் வேலையே, திரும்பி வந்த ஒவ்வொரு கேசட்டையும் வெளிச்சத்தில் பிடித்து, அந்தச் சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாக நாடாவின் விளிம்பைப் பார்ப்பதுதான். நல்ல நாடாவின் விளிம்பு கறுப்பாக, வழுவழுப்பாக இருக்கும். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது தனிப் பெட்டிக்குப் போகும்.

வெயிலில் காயவைக்கவும் கூடாது, சூட்டில் நாடா சுருண்டு நெளியும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஒரு டப்பாவில் போட்டு மூடி, சில நாள் ஈரம் இறங்கவிடுங்கள். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு கையாளுங்கள், அந்தத் தூள் மூச்சுக்கு நல்லதல்ல. கேசட்டின் முதுகில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அது உடையாமல் இருந்தால் இப்போதே உடைத்துவிடுங்கள். பிறகு யாரும் தவறி அதன் மேல் பதிவு செய்ய முடியாது. அதன் பிறகு, கேசட்டைத் திருகாணி கழற்றித் திறந்து நாடாவைத் துடைக்கத் தெரிந்த, டிஜிட்டலாக மாற்றித் தரும் ஒருவரிடம் கொடுங்கள். ஒரு மூன்று மணி நேரக் கேசட்டுக்குள் 250 மீட்டருக்கு மேல் நாடா இருக்கிறது, இது வீட்டில் செய்யும் வேலை அல்ல. கொடுக்கும்போதே பூஞ்சை இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

தள்ளிப்போடாதீர்கள். கடைசியாக டெக் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016-ல் நிறுத்திவிட்டது. ஓடும் டெக்குகள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே போகின்றன. மாற்றி வந்ததும் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று உங்களிடம், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் நாத்தனாரிடம். மாமியார் வரும் இடம் எந்த நிமிடத்தில் என்று எழுதி, அந்தத் தாளையும் கூடவே வையுங்கள்.