ரெண்டரிங் போட்டாலே சிபியு 100 டிகிரி தொடுகிறது: பேஸ்ட் மாற்றணுமா, லிக்விட் கூலர் வாங்கணுமா?

கேட்டவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஊர் தேவகோட்டை, தொழில் கல்யாண வீடியோ எடிட்டிங், பாகம் பாகமாக வாங்கித் தானே சேர்த்த கம்ப்யூட்டர். இன்டெல் ஐ7-12700, அதன் பெட்டிக்குள் வந்த அதே கூலர். சும்மா இருக்கும்போது 52 டிகிரி, ரெண்டரிங் போட்டால், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றும்போது, 100, அப்புறம் வேகம் குறைந்து வேலை இழுத்துக்கொண்டே போகிறது. கடையில் பேஸ்ட் (சிப்புக்கும் கூலருக்கும் நடுவே சூடு கடத்தத் தடவுவது) மாற்றச் சொல்கிறார்கள், நண்பர் குழாயில் திரவம் சுற்றிச் சூட்டை இறக்குகிற லிக்விட் கூலர் போடச் சொல்கிறார்.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம், காசைக் கையில் வையுங்கள். நான் காரைக்குடியில் கம்ப்யூட்டர் சேர்த்துக் கொடுக்கிறவன், சூடு என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது டிகிரி எவ்வளவு என்றில்லை, அந்த நேரத்தில் வாட் எவ்வளவு என்றுதான். டிகிரியை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருள் இலவசம்தான், அதைத் திறந்து சிபியு பேக்கேஜ் சூட்டையும் சிபியு பேக்கேஜ் பவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிபியுவுக்கு முழு வேலை கொடுக்கிற சோதனை மென்பொருளான சினிபெஞ்சைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். 70, 80 வாட்டிலேயே நாலைந்து நொடியில் 100க்குத் தாவினால், சூடு சிப்பிலிருந்து கூலருக்குப் போய்ச் சேரவே இல்லை, கூலர் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். 150 வாட்டுக்கு மேல் போய் 100 தொட்டால் உங்கள் பொருத்தலில் ஒரு குறையும் இல்லை, அந்தக் கூலருக்கு அது தாங்காத சுமை. முதலில் 80 டிகிரியில் நின்று, கால்மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக 95க்கு ஏறினால் கேபினெட்டுக்குள் காற்று ஓடவில்லை. பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு அதே சோதனையை மறுபடி ஓட்டுங்கள், சட்டென்று ஐந்தாறு டிகிரி இறங்கினால் அதேதான்.

உங்கள் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இரண்டாவதன் மேல். 12700 என்பது பெயருக்கு 65 வாட் சிப். டர்போவில், அதாவது தானே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும்போது, 180 வாட் வரை போகலாம் என்று இன்டெலே குறித்திருக்கிறது. அதைக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் விட்டுவிட்டுத் திரும்ப இறக்க வேண்டிய மதர்போர்டுகள் பல, வாங்கி வரும்போதே வரம்பை அவிழ்த்துவிட்டுத்தான் வருகின்றன. பயாஸில், அதாவது மதர்போர்டின் அமைப்புத் திரையில், போய்ப் பார்த்தால் பவர் லிமிட் 4096 வாட் என்றுகூட இருக்கும். கூடவே வந்த கூலரோ 65 வாட் சிப்புகளுக்காகச் செய்தது, நாள் முழுக்க ரெண்டரிங் போட்டால் பாவம் அது என்ன செய்யும். பயாஸில் நீண்ட நேர வரம்பை, அதாவது பிஎல்1 என்று இருப்பதை, 90 அல்லது 100 வாட்டுக்கு இறக்கிப் பாருங்கள், செலவே இல்லை. ரெண்டரிங் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும்தான், ஆனால் 100 தொட்டுத் தொட்டு வேகம் குறைகிற இப்போதைய நிலையோடு ஒப்பிட்டால் பெரிய இழப்பு இருக்காது.

100 தொட்டால் எரிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். இந்தச் சிப்புக்கு வரம்பே 100தான், தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால் அணைந்துவிடும்.

வாட் குறைவாக இருந்தும் சூடு என்றால் கூலரைப் பார்க்க வேண்டும். இந்தக் கூலருக்கு நான்கு மூலையிலும் அழுத்தி மாட்டுகிற முளைகள். ஒவ்வொரு முளையின் தலையிலும் ஒரு அம்புக்குறி இருக்கும், அது கழற்றுவதற்கான திசை. பூட்டுவதற்கு என்று நினைத்து அந்தப் பக்கமே திருப்புகிறவர்கள் நிறையப் பேர். எதிரெதிர் மூலையாக, டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்திவிட்டு, போர்டின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள், நான்கு நுனியும் துளைக்கு வெளியே முழுசாக வந்திருக்க வேண்டும். கூலரைத் தூக்கினால் பேஸ்ட் பதிந்த தடமே கதை சொல்லிவிடும்: சரியாக உட்கார்ந்திருந்தால் எல்லாப் பக்கமும் மெல்லிசாகப் பரவியிருக்கும், ஒரு மூலை தூக்கியிருந்தால் அங்கே மட்டும் தடிமனாக, போட்டது போட்டபடி கிடக்கும். தூக்கினால் பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதுதான் போட வேண்டும். இந்தச் சிப் நீளவாக்கானது, நடுவில் ஒரு பொட்டு போதாது, நீளத்துக்கு ஒரு கோடு இழுங்கள்.

அறைச் சூட்டையும் மறக்கக்கூடாது. யூடியூபில் ஏசி அறையில் 24 டிகிரியில் வைத்து 75 காட்டுகிறார்கள் என்றால், கத்திரி வெயிலில் 38 இருக்கிற நம்ம ஊர் அறையில் அதே மெஷின் கிட்டத்தட்ட 89 காட்டும், அதில் கோளாறு ஒன்றுமில்லை. உங்கள் 52ம் அப்படித்தான். பழைய வீடென்றால் இன்னொன்று: வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றியுள்ள உள் அறைகளில் ஜன்னல் சின்னதாக இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. சிபியுவும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து 300 வாட் தின்றால் அத்தனையும் அந்த அறைக்குள்தான் சூடாகக் கொட்டும், கதவைச் சாத்திக்கொண்டு எடிட் செய்தால் எந்தக் கூலரும் உதவாது. கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் கேபினெட்டைச் சுவர் அலமாரிக்குள் அழகாக அடக்கி வைத்திருந்தார்கள், தன் சூட்டைத் தானே உறிஞ்சிக்கொண்டிருந்தது, வெளியே எடுத்து வைத்ததோடு தீர்ந்தது. தரை குளுகுளுவென்று இருக்கிறதே என்று கீழே வைப்பதும் வேண்டாம், ஆத்தங்குடிக் கல் காலுக்குத்தான் சுகம், கேபினெட்டுக்குக் கிடைப்பதெல்லாம் பெருக்கும்போது பறக்கிற செம்மண் தூசிதான். அடி பில்டரைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். புளோயர் அடிக்கும்போது மின்விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

காற்று எந்தப் பக்கம் போகிறது என்று தெரியவில்லையா? ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி முன்பக்கமும் பின்பக்கமும் காட்டுங்கள். முன்னால் புகையை உள்ளே இழுக்க வேண்டும், பின்னால் வெளியே தள்ள வேண்டும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு உள்ளே கலர் லைட் எரிகிற கேபினெட் என்றால் புகை அசையக்கூட அசையாது, நிறையப் பேர் அதைத்தான் ஆசைப்பட்டு வாங்குகிறார்கள்.

இத்தனையும் பார்த்த பிறகு முழு வேகமும் வேண்டும் என்றால் 120 மி.மீ. விசிறி வைத்த டவர் ஏர் கூலர் போதும், இந்தச் சிப்புக்கு லிக்விட் தேவையில்லை. உங்கள் சிப் உட்காரும் எல்ஜிஏ 1700 சாக்கெட்டுக்கான பிராக்கெட் கூடவே வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள், உங்கள் கேபினெட் எத்தனை மி.மீ. உயரக் கூலர் வரை கொள்ளும் என்பதையும் முன்கூட்டியே பாருங்கள். 155 மி.மீ. கூலரை வாங்கி வந்து சின்ன கேபினெட்டில் மாட்டினால் மூடி மூடாது.