வாசகர் கேள்வி – பதில்: பொறுக்கிய குப்பையை எண்ணுங்கள்

கேள்வி: நான்காம் படிவத்தில் படிக்கும் என் மகன், பள்ளிக் கழகத்தோடு சிலாங்கூரின் மோரிப் கடற்கரைத் துப்புரவுப் பணிக்குப் போய் வந்தான். சில நாள் கழித்து நாங்கள் குடும்பத்தோடு அங்கே சென்றபோது, கரையில் மறுபடியும் குப்பை. "அலை கொண்டுவந்து போடும் குப்பையைப் பொறுக்கி என்ன பயன்?" என்கிறார் என் கணவர். மகனோ இனிமேல் நெகிழிப் பை வீட்டுக்குள் வரவே கூடாது என்று பிடிவாதமாக இருக்கிறான். யார் சொல்வது சரி? – பந்திங் வாசகி

பதில்: உங்கள் கணவரின் கேள்வி நியாயமானது. ஒரு நாள் பொறுக்கியதால் எந்தக் கடற்கரையும் சுத்தமாக நிலைத்துவிடவில்லை. இந்தப் பணியைத் தொடங்கியவர்களும் அப்படி நம்பியதாகத் தெரியவில்லை. 1986இல் அமெரிக்காவின் டெக்சஸ் கரையில் லிண்டா மரானிஸ், கேத்தி ஓஹாரா என்னும் இரண்டு பெண்மணிகள் ஏறத்தாழ 2,800 தொண்டூழியர்களைத் திரட்டினார்கள். குப்பையைப் பையில் போடுவதோடு நிற்காமல், எடுத்த ஒவ்வொன்றும் என்ன பொருள் என்று தாளில் குறித்துக்கொள்ளவும் சொன்னார்கள். ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமையை ஒட்டி மலேசியா உட்படப் பல நாடுகளில் நடக்கும் அனைத்துலகக் கடற்கரைத் துப்புரவு அதிலிருந்து வளர்ந்ததுதான். பல ஆண்டுகளாகப் பட்டியலில் முதலிடத்தில் இருந்த சிகரெட் துண்டை, 2020இல் வெளியான அறிக்கையில் உணவுப் பொட்டல உறைகள் முந்தின என்பது அந்தத் தாள்களால்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

ஆகவே, உங்கள் மகனிடம் முதலில் கேட்க வேண்டியது, எத்தனை பை சேர்ந்தது என்பதை அல்ல. பைக்குள் என்ன இருந்தது என்பதை. ரஃபியா என்னும் நெகிழிக் கயிறு கட்டிய தே ஓ ஐஸ் (பாலில்லாத ஐஸ் தேநீர்) பை, உறிஞ்சுகுழல், மீ பொட்டல உறை, போத்தல் மூடி, ஒற்றைச் செருப்பு என்று அவன் அடுக்கினால், அவற்றில் கடலில் விளைந்தது ஒன்றுமில்லை என்பதை உங்கள் கணவரே ஒப்புக்கொள்வார். பந்திங் கடைவரிசைக்குப் பின்னால் ஓடும் கால்வாயின் நீர் லங்காட் ஆற்றைச் சேர்கிறது. ஆறு ஜுக்ரா பக்கமாகச் சென்று மலாக்கா நீரிணையில் கலக்கிறது. நம் கரையோரச் செம்பனைத் தோட்டங்களிலும் இதே கதைதான். கடல் ஏறும்போது கடல்நீரைத் தடுக்கும் கரையோர அணையின் மதகை மூடி, வற்றும்போது திறந்து, வாய்க்கால் நீரை வெளியே விடுகிறார்கள். திறப்பதற்குச் சற்று முன்னால் அந்த மதகருகே நின்று பாருங்கள். தொழிலாளர் லயத்து வாசலிலும் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையிலும் விழுந்தவை, நுரையோடும் செம்பனைச் சருகோடும் கதவை நெருக்கிக்கொண்டு மிதக்கும். கதவு தூக்கப்பட்டதும் அத்தனையும் ஒரே இழுப்பில் வெளியேறும். அலை கொண்டுவந்து போடுகிறது என்று நாம் பழிக்கும் குப்பையில் பெரும் பங்கு, வற்றத்தின்போது நாமே அனுப்பிவைத்தது.

அடுத்த கோத்தோங் ரோயோங் என்னும் கூட்டுப் பணியை மோரிப்பில் நடத்தாமல், தோட்ட நிர்வாகத்தின் அனுமதியோடு இப்படி ஒரு மதகின் உட்புறத்தில் நடத்துமாறு கழக ஆசிரியரிடம் உங்கள் மகன் கேட்டுப் பார்க்கலாம். படம் எடுத்துப் போட அங்கே அழகான பின்னணி கிடைக்காது என்பது வேறு விஷயம். வீட்டில் அவன் விதித்திருக்கும் தடையைப் பொறுத்தவரை, எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற நினைப்பவர்கள் மாதக் கடைசிக்குள் சலித்துவிடுவார்கள். சிலாங்கூரில் 2017 ஜனவரி முதல் பைக்கு 20 சென் வாங்குகிறார்கள். நம்மில் பலர் அதைக் கொடுத்துவிட்டுப் பையை வாங்கிக்கொண்டுதான் வருகிறோம். கடையில் தாப்பாவ் (பொட்டலச் சாப்பாடு) வாங்கப் போகும்போது அடுக்குச் சட்டியைக் கொண்டுபோகும் பொறுப்பை மட்டும் இப்போதைக்கு அவனிடம் ஒப்படையுங்கள்.

கேள்வி: நீரிணையில் போகும் கப்பல்கள் கொட்டும் குப்பைதானே நம் கரைக்கு வருகிறது? – கேரித்தீவு வாசகர்

பதில்: கொஞ்சம் வரலாம். ஆனால் கப்பல்கள் நெகிழியைக் கடலில் கொட்டுவதை, கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் மார்போல் என்னும் அனைத்துலக உடன்படிக்கையின் ஐந்தாம் பின்னிணைப்பு 1988 டிசம்பர் இறுதியிலிருந்தே தடை செய்கிறது. மீறுபவர்கள் இருப்பார்கள். இருந்தாலும், முறுக்குப் பொட்டலத்தையும் ரஃபியா கயிற்றையும் சரக்குக் கப்பலின் தலையில் கட்டுவது சரியாக இராது.

கேள்வி: சிகரெட் துண்டு பஞ்சுதானே, மக்கிவிடாதா? – ஜெஞ்சாரோம் வாசகர்

பதில்: பஞ்சைப் போலத் தோன்றும் அந்த வடிகட்டி, செல்லுலோஸ் அசிட்டேட் என்னும் நெகிழி வகை இழையால் ஆனது. எளிதில் மக்காது, அது பிடித்து வைத்திருக்கும் நிகோட்டினும் மற்ற நச்சுகளும் நீரில் கசியும். 2019 முதல் உணவகங்களில் புகைக்கத் தடை இருப்பதால், புகைப்பவர்கள் மூன்று மீட்டர் தள்ளிப்போய் நிற்கிறார்கள். அந்த மூன்று மீட்டரில் பெரும்பாலும் ஒரு கால்வாய் இருக்கிறது. கடைக்காரர்கள் அங்கே மணல் நிரப்பிய தகரம் ஒன்றை வைத்தாலே பாதித் தொல்லை தீரும்.

கேள்வி: எட்டு வயது மகளையும் துப்புரவுப் பணிக்கு அழைத்துப் போகலாமா? எதையெல்லாம் எடுத்துச் செல்ல வேண்டும்? – தெலுக் பங்ளிமா காராங் வாசகி

பதில்: மணற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள், அலையாத்திக் காட்டுச் சேற்றுக்கு வேண்டாம். நம் பக்கத்துக் கரையில் கடல் வற்றினால் சேறு வெகுதூரம் விரியும். திரும்ப ஏறும்போது சேற்றில் நிற்பவர் கால் எடுப்பதற்குள் நீர் வந்துவிடும். ஆகையால் நீரேற்ற அட்டவணையைப் பார்த்து, வற்றத்தின்போது தொடங்கி, நீர் ஏறுமுன் முடிப்பதே முறை. செருப்பு போதாது, மூடிய காலணி வேண்டும். மெல்லிய நெகிழிக் கையுறை கிளிஞ்சல் பட்டதும் கிழிந்துவிடும். தோட்ட வேலைக்கான தடித்த கையுறையே நல்லது. ஊசியைக் கண்டால் தொடாமல் பொறுப்பாளரை அழைக்க மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அலையாத்தியின் மூச்சுவேர்களில் சுற்றிய பையைப் பெரியவர்கள்கூட வெடுக்கென்று இழுக்கக் கூடாது, கத்தரித்து எடுக்க வேண்டும். அந்த வேர்கள் வழியாகத்தான் மரம் காற்று வாங்குகிறது. தண்ணீர்ப் போத்தல் வீட்டிலிருந்தே வரட்டும். துப்புரவு முடிந்த இடத்தில் காலிப் போத்தல் மலைபோல் குவிவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

கேள்வி: அஸ்தி கரைக்கவும் கருமகிரியை செய்யவும் கடற்கரைக்குத்தான் போகிறோம். அதையும் குறை சொல்கிறார்களே? – பந்திங் வாசகர்

பதில்: சடங்கைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை, விட்டுவிட்டு வரும் பொருள்களைச் சொல்லலாம். அரிசியும் பூவும் வாழையிலையும் கரைந்தோ மக்கியோ போய்விடும். மாலையின் நைலான் நூல், பால் பொட்டலம், எண்ணெய்ப் போத்தல், கற்பூர உறை, நெகிழித் தட்டு ஆகியவை கிடக்கும். துக்கத்தில் இருக்கும் குடும்பத்தார் இதையெல்லாம் கவனிக்கும் மனநிலையில் இருக்க மாட்டார்கள். எனவே உறவினரில் ஒருவர் பையோடு வந்து, உறைகளைப் பிரிக்கும்போதே வாங்கி வைத்துக்கொள்ளட்டும். உடைத்த பானையின் ஓடுகளையும் பொறுக்கிவிடட்டும், பிறர் வெறுங்காலோடு நடக்கும் இடம் அது. சடங்கு நடத்துபவரிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் அவரும் ஒத்துழைப்பார்.

கேள்வி: பொறுக்கிய நெகிழியெல்லாம் மறுசுழற்சிக்குப் போகிறதா? – மோரிப் வாசகி

பதில்: பெரும்பாலும் இல்லை. உப்பும் மணலும் ஏறி, வெயிலில் நொறுங்கிய நெகிழியை வாங்க ஆள் கிடைப்பது அரிது. கழுவிய பானப் போத்தலையும் அலுமினிய டின்னையும் பழைய பேப்பர் லாரிக்காரர் எடுத்துக்கொள்வார். மற்றவை குப்பை நிலத்துக்குத்தான் போகும். மறுசுழற்சி என்ற பெயரில் எதுவும் நடக்கலாம் என்பதை நம் மாவட்டத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை: 2018இல் சீனா நெகிழிக் கழிவை வாங்க மறுத்தபின், ஜெஞ்சாரோம் வட்டாரத்தில் முளைத்த உரிமமில்லாத ஆலைகளின் புகையை நாம்தான் சுவாசித்தோம். எனவே பணி நாளுக்கு முன்பே நகராண்மைக் கழகத்திடம் எழுதிக் கொடுத்து, லாரி வரும் நேரத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள். கட்டிய பைகளைக் கரையிலேயே விட்டுப் போனால், இரவில் நாய்கள் கிழித்ததை விடியற்கால நீரேற்றம் எடுத்துக்கொண்டு போய்விடும்.