டிகோடர் என்ன செய்கிறது? பிழை திருத்தும் குறியீடுகள் பற்றிக் கேள்வி பதில்

முதலாண்டு மாணவி: அண்ணா, ஹாமிங் குறியீட்டில் எந்த பிட் கெட்டது என்று டிகோடருக்கு, அதாவது வந்ததைப் படித்துத் திருத்தும் பகுதிக்கு, எப்படித் தெரிகிறது?

1011-ஐ அனுப்புவோம். மொத்தம் ஏழு இடம். 1, 2, 4 பாரிட்டிக்கு, அதாவது சரிபார்க்கும் பிட்டுகளுக்கு; மீதி நான்கும் தரவுக்கு. 1-இன் குழு 1, 3, 5, 7. 2-இன் குழு 2, 3, 6, 7. 4-இன் குழு 4, 5, 6, 7. ஒவ்வொரு குழுவிலும் ஒன்றுகள் இரட்டைப்படையாக இருக்கவேண்டும். அப்படி அமைத்தால் அனுப்புவது 0110011. வழியில் ஆறாவது பிட் புரண்டு 0110001 என்று வந்து சேர்கிறது. 1-இன் குழு சரியாக இருக்கிறது. 2-இன் குழுவும் 4-இன் குழுவும் ஒற்றைப்படை ஆகிவிட்டன. தவறிய இரண்டையும் கூட்டுங்கள்: 6. அதைப் புரட்டினால் வேலை முடிந்தது. ரிச்சர்ட் ஹாமிங் 1950-இல் வெளியிட்ட இந்தக் குறியீட்டின் அழகெல்லாம் இடங்களுக்கு எண் கொடுத்த விதத்தில்தான். பாடத்தில் மேட்ரிக்ஸாக வந்து பயமுறுத்துவதும் இதே கணக்கு.

அதே மாணவி: இரண்டு பிட் கெட்டால்?

மூன்றும் ஆறும் கெட்டால் 1-இன் குழுவும் 4-இன் குழுவும் தவறி, விடை 5 என்று வரும். டிகோடர் நல்லபடியாக இருந்த ஐந்தாவது பிட்டைக் கூசாமல் புரட்டும். இரண்டு பிழை மூன்றாகும். எது அனுப்பப்பட்டது என்று அதற்குத் தெரியாது. வந்ததற்கு மிக அருகில் இருக்கும் செல்லுபடியான சொல்லை (குழுக்கள் எல்லாம் சரியாக அமைந்த ஏழு பிட் வரிசையை) எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் சர்வர் மெமரியில் பொதுவாக 64 பிட்டுக்கு 8 பிட் கூடுதலாக வைக்கிறார்கள்: ஒரு பிழையைத் திருத்தும், இரண்டு என்றால் கையை விரித்துச் சொல்லிவிடும்.

அச்சகக்காரர்: க்யூஆர் கோடின் நடுவில் லோகோ வைத்தாலும் ஸ்கேன் ஆகிறதே, எப்படி சார்?

உள்ளே இருப்பது ரீட்-சாலமன் குறியீடு. உயர்ந்த நிலையில் ஏறக்குறைய 30% கெட்டாலும் மீளும். மூலையில் உள்ள மூன்று பெரிய சதுரங்களை மட்டும் தொடாதீர்கள். அவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஆய்வு மாணவர்: இதே ரீட்-சாலமனில் 32 பாரிட்டி பைட் இருந்தும் 16 பிழைதான் திருத்த முடிகிறது. ஏன் பாதி?

ஒவ்வொரு பிழையிலும் தெரியாதவை இரண்டு: எந்த இடம், என்ன மதிப்பு. இடம் முன்பே தெரிந்தால் 32-ஐயும் மீட்கலாம்.

அதே மாணவர்: என் எல்டிபிசி (LDPC, இன்னொரு பிழை திருத்தும் குறியீடு) சிமுலேஷன் புத்தகத்தில் உள்ள பிழை விகித வளைவைவிட மோசமாக வருகிறது. டிகோடருக்கு உள்ளீடாக 0, 1 கொடுக்கிறேன்.

கோளாறு அங்கேதான். 0.05 என்று தடுமாறி வந்த சிக்னலும் 0.98 என்று திடமாக வந்ததும் உங்கள் டிகோடருக்கு ஒன்றாகிவிட்டன. 0-வை +1 ஆகவும் 1-ஐ -1 ஆகவும் அனுப்பினால், வந்த மதிப்பை இரண்டால் பெருக்கி, இரைச்சலின் விலக்க வர்க்கச் சராசரியால் வகுத்துக் கொடுங்கள். வாயேஜர் விண்கலங்களின் சிக்னலைப் பூமியில் படிக்கப் பயன்படும் விட்டர்பி டிகோடிங் முறையிலேயே, வெறும் 0, 1 கொடுப்பதற்கும் வந்த மதிப்பைக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 2 டெசிபெல். கூட்டல், கழித்தல் குறியைத் தலைகீழாக வைத்துவிட்டு வாரக்கணக்கில் தேடுபவர்கள் உண்டு. முதலில் இரைச்சலே இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.