வேனில் ஏறுமுன் ஒரு போன்

கேள்வி: அரிசோனாவில், நவஹோ பழங்குடி மக்களின் நிலப்பகுதியில் ஆசிரியையாக இருக்கிறேன். உடன் வேலை பார்க்கும் நவஹோ தோழியின் தங்கைக்குக் குடிப்பழக்கம். பிள்ளைகளுக்கு வயது ஆறு, இரண்டு. பக்கத்து மாநிலமான நியூ மெக்சிகோவின் கேலப் ஊர்ச் சந்தையில் ஒருவர், “ஃபீனிக்ஸில் இலவச சிகிச்சை, பிள்ளைகளும் கூடவே தங்கலாம், இன்று ராத்திரியே வேன்” என்றாராம். அனுப்பலாமா?

பதில்: அந்த வேனில் ஏற வேண்டாம் என்று முதலில் தோழியிடம் சொல்லிவிடுங்கள். மிச்சத்தைப் பிறகு படிக்கலாம்.

பிள்ளைகளோடு தாய் தங்கிச் சிகிச்சை பெறுவது நல்ல ஏற்பாடுதான். பிள்ளைகளை யாரிடம் விடுவது என்ற கவலையிலேயே பல பெண்கள் சிகிச்சைக்கு வருவதில்லை. வந்தாலும் பாதியில் ஓடிவிடுகிறார்கள். ஆனால் இப்படிப்பட்ட மையங்கள் குறைவு. ஓர் அறை காலியானால் அதற்குக் காத்திருக்கப் பத்துப் பேர் இருப்பார்கள். நிஜமான மையம் சந்தைக்கு ஆள் அனுப்பி ஏன் தாய்மார்களைத் தேடப்போகிறது?

தேடுவது தரகர்கள். அரிசோனாவின் மெடிக்கெய்ட்டில் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பழங்குடியினருக்கென்று தனித்திட்டம் இருக்கிறது. அனுப்பிய பில்லுக்கெல்லாம் அது பணம் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆளைப் பிடித்து ஒரு வீட்டில் அடைத்தால் போதும், கொடுக்காத கவுன்சலிங்குக்கும் பில் போடலாம். 2023 மே மாதம்தான் மாநில அரசு விழித்துக்கொண்டு, நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குப் பணத்தை நிறுத்தியது. பணம் நின்றதும் வீடுகளைப் பூட்டிவிட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் ஃபீனிக்ஸ் தெருவுக்கு வந்தார்கள். அவர்களைத் தேட நவஹோ அரசு ‘ஆபரேஷன் ரெயின்போ பிரிட்ஜ்’ என்று தன் ஆட்களையே அனுப்ப வேண்டியிருந்தது. அத்தனை பில்லும் வந்தபோது அதிகாரிகள் என்ன பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

என்னிடம் பிறகு வந்த ஒரு பெண், அப்படி ஒரு வீட்டில் ஏழு வாரம் இருந்தவர். போனை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். குடிக்கவும் அவர்களே வாங்கிக் கொடுத்தார்களாம். தான் எந்தத் தெருவில் இருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. ஒரு நாள் பீட்சா பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் முகவரியைப் பார்த்து மனப்பாடம் செய்து, பக்கத்து வீட்டுக்காரர் போனில் அக்காவுக்குச் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு குழப்பம்: ‘சோபர் லிவிங்’ என்பது குடிக்காமல் தங்கும் வீடு, அவ்வளவுதான். அது சிகிச்சை மையம் ஆகாது. யார் கூப்பிட்டாலும் மையத்தின் பெயரைக் கேட்டு வாங்கி, மாநிலச் சுகாதாரத் துறையிடம் அதன் உரிமத்தைச் சரிபாருங்கள். பிள்ளைகள் தங்க அனுமதி உண்டா, அம்மா கவுன்சலிங்கில் இருக்கும்போது அந்த இரண்டு வயதுக் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்றும் கேளுங்கள். பதிலில் தடுமாறினால் போனை வைத்துவிடுங்கள்.

சரி, எங்கே போவது? அருகிலுள்ள ‘இந்தியன் ஹெல்த் சர்வீஸ்’ மருத்துவமனைக்கு. (நம் ஊர் இந்தியர் அல்ல, பழங்குடியினருக்கு அமெரிக்க அரசு வைத்திருக்கும் பழைய பெயர்.) காலையில் கை நடுங்குகிறது என்றால் வீட்டிலேயே திடீரென்று குடியை நிறுத்தச் சொல்லாதீர்கள், வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. முதலில் மருத்துவர், பிறகுதான் மையம். நவஹோ அரசின் மனநலப் பிரிவிடமும் பேசச் சொல்லுங்கள்.

அந்தப் பெண் கர்ப்பமா என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டுச் சொல்லுங்கள், ஏனென்றால் கர்ப்பமென்றால் கதையே வேறு. போதை சிகிச்சைக்கான மத்திய அரசின் மானியத்தை வாங்கும் எந்த மையமும் கர்ப்பிணிக்கு முன்னுரிமை தர வேண்டும். இடமில்லை என்று சும்மா திருப்பி அனுப்ப முடியாது. மாநிலத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வேறெங்கும் இடமில்லை என்றால் 48 மணி நேரத்துக்குள் இடைக்கால உதவியாவது கிடைத்தாக வேண்டும். இது சட்டம். முன் மேசையில் இருப்பவருக்கே பல நேரம் இது தெரியாது. “கர்ப்பிணி” என்ற சொல்லை முதல் வாக்கியத்திலேயே சொல்லச் சொல்லுங்கள். “வெயிட்டிங் லிஸ்ட்” என்றால் மேலாளரைக் கேட்கச் சொல்லுங்கள். மறுபடியும் அதே பதில் என்றால், பேசியவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

2018ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. தாயோடு குடும்ப மையத்தில் தங்கும் குழந்தையின் செலவை 12 மாதம் வரை மத்திய அரசு ஏற்கும். ஆனால் அந்தக் குழந்தை காகிதத்தில் குழந்தைகள் நலத் துறையின் பொறுப்பில் இருக்க வேண்டும். தாயிடமிருந்து எடுத்த பிள்ளையைத் தாயோடு வைக்கத்தான் பணம்! பிள்ளைகளைப் பத்திரமாக வைத்திருக்கும் தாய்க்கு அந்தக் கதவு திறக்காது. இதை எழுதிய புண்ணியவான் யாரோ.

இடம் கிடைத்தால் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை எடுத்துப்போகட்டும். பழங்குடி இனச் சான்றிதழுக்கு நகல் போதும். அசலைத் தோழியின் வீட்டிலேயே வைக்கச் சொல்லுங்கள். ஃபீனிக்ஸிலிருந்து பல மணி நேரப் பயணம், திரும்பி வருவதற்கான செலவு யாருடையது என்று கிளம்புமுன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.